மாடி வாடகைக்கு, மெதுவாகப் பேசவும்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் ஒருவர் வந்து மாடியைப் பார்த்தார். இன்றும் அப்பா குறைத்துவிட்டார்.

நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன். பள்ளியிலிருந்து வந்து நான் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. தரகர் ஒரு தொப்பைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர் மாடிக்குப் போய் ஜன்னல்களைத் திறந்து மூடினார், குழாயைத் திருகினார், தர்ப்பூசணி வாங்குகிறவர் மாதிரி சுவரை விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கீழே வந்ததும், "வாடகை எவ்வளவு எதிர்பாக்குறீங்க?" என்றார்.

"பதினஞ்சாயிரம்," என்றார் அப்பா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதற்குள் அப்பா, "பதினாலுன்னாலும் சரிதான். பாத்துக்கலாம். பதிமூணு வரைக்கும்கூட..." என்று இழுத்தார்.

"பதினொண்ணுன்னா சொல்லி அனுப்புங்க," என்று அவர் கிளம்பிவிட்டார்.

ஒருவர் கழுத்தைத் துடைத்ததற்கு யாராவது இரண்டாயிரம் குறைப்பார்களா?

அப்பாவைச் சொல்லியும் பயனில்லை. அவர் வேலை செய்வது மருந்துக்கடையில். அங்கே எல்லா விலையும் அட்டையிலேயே அச்சடித்திருக்கும். இருமல் மருந்துக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. விலை அச்சடிக்காத ஒரு பொருளை அப்பா விற்க வந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

இன்னொன்று. இவ்வளவும் கிசுகிசுப்பாகவே நடந்தது. எங்கள் மாடிப்படி கூடத்துக்குள்ளேயே இருக்கிறது. கூடத்தை ஒட்டிய அறையில் அம்மா தூங்குகிறாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டெலிபோன் வேலை, இரவு முழுவதும். காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். அதனால் பகலில் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. வருகிறவர்களுக்கு அக்கா வாசலிலேயே உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிடுவாள். அவர்களும் ஏதோ நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் போல அடிமேல் அடிவைத்து ஏறுவார்கள்.

ஜூன் 4, புதன்

நேற்று எழுத விட்டுப்போனது: ஏன் பதினைந்து?

ஆஸ்பத்திரியில் பகல் நேர இடம் ஒன்று காலியாகிறது. அம்மா இந்த மாதக் கடைசிக்குள் சரி என்று சொல்லிவிட்டால் அவளுக்குக் கொடுப்பார்கள். ஆனால் இரவு வேலைக்கென்று கூடுதலாகத் தரும் படிப் பணம் பகல் வேலைக்குக் கிடையாது. அந்தப் படி நின்றுபோனால் வீட்டில் விழும் ஓட்டையை மாடி வாடகையால்தான் அடைக்க வேண்டும். அப்பா கடை ரசீதின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பதினைந்து வந்தால் அம்மா பகலுக்கு மாறலாம். குறைந்தால் மாற முடியாது. இதற்காகத்தான் அக்காவும் நானும் மாடி அறையைக் காலி செய்துவிட்டுக் கூடத்துக்கு இறங்கி வந்தோம். என் புத்தகங்கள் எல்லாம் சாப்பாட்டு மேசைக்கு அடியில் பெட்டிகளில் இருக்கின்றன. சாப்பிடும்போது எல்லாரும் அவற்றின் மேல் கால் வைக்கிறார்கள்.

ஜூன் 7, சனி

ஒத்திகை நடத்தினோம். என் யோசனைதான். நூலகத்திலிருந்து பேரம் பேசுவது எப்படி என்று ஒரு புத்தகம் எடுத்து வந்து இரண்டு நாளாகப் படித்தேன். அதில் இருப்பதெல்லாம் சுலபமாகத்தான் இருக்கிறது. விலையைச் சொல். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்.

மொட்டைமாடியில், அம்மாவுக்குக் கேட்காத தூரத்தில், அக்கா வாடகைக்கு வந்தவளாக நடித்தாள். இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு, "என்னய்யா இது, புறாக்கூண்டு மாதிரி இருக்கு?" என்றாள்.

"பதினஞ்சு," என்றார் அப்பா. பிறகு வாயை மூடிக்கொண்டார். நான் பெருமையோடு பார்த்தேன்.

அக்கா இடுப்பில் கைவைத்து அப்பாவையே முறைத்தாள். அப்பா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அப்பாவின் சிரிப்பில் மெல்ல மெல்ல அசடு வழிந்தது. கடைசியில், "சரிம்மா, உனக்கு எவ்வளவு தோது?" என்று கேட்டுவிட்டார்.

"அப்பா! நான் உங்க பொண்ணு!"

"அதனாலதான்மா குறைச்சேன்."

அடுத்து என் முறை. நான் நடிக்கத் தொடங்கி மூச்சு விடுவதற்குள் அப்பா பதினொன்றுக்கு வந்துவிட்டார். அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "பேராசிரியை, நீயே குடிவந்துடு. இந்த விலைக்கு வேற எங்க கிடைக்கும்?"

பேராசிரியை என்றால் நான்தான். அது பாராட்டு அல்ல.

ஜூன் 8, ஞாயிறு

எல்லாரும் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். நானும் எல்லார்மேலும் கோபமாக இருக்கிறேன்.

ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கைக்குழந்தையோடு. அவர்களுக்கு மாடி மிகவும் பிடித்துவிட்டது. குழந்தையின் அம்மா ஜன்னலோரம் நின்று, "இங்க தொட்டில் போட்டா காத்து நல்லா வரும்," என்றார். நான்தான் கூட இருந்தேன். அந்த ஜன்னலுக்கு நேர் கீழே வெல்டிங் பட்டறை. ஞாயிறு என்பதால் இன்று மூடியிருந்தது. நான் எப்படிச் சொல்லாமல் இருப்பேன்? சொன்னேன். பெருமழை பெய்தால் அந்த மூலையில் சொட்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர்கள் போய்விட்டார்கள். பதினாலரை வரை வந்திருந்தார்களாம்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் கத்தினாள். "உன்னைக் கேட்டாங்களா? வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?"

அது எப்படி? பச்சைக் குழந்தை தூங்குற இடத்துக்கு அடியில இரும்பு அறுக்கிறாங்கன்னு சொல்லக் கூடாதா? சொல்லாம விட்டுட்டு அவங்க சாமான் எல்லாம் ஏத்தின அப்புறம் திங்கட்கிழமை காலையில அவங்களே தெரிஞ்சுக்கணுமா? அம்மாவே இன்னைக்கு வரைக்கும் பஞ்சைக் காதுல வெச்சுக்கிட்டுத்தானே தூங்குறா?

சரி. ஆனால் பதினாலரை.

ஜூன் 11, புதன்

அம்மாவின் வார விடுமுறை ரத்து. யாரோ வரவில்லையாம்.

காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போதுதான் அம்மா உள்ளே வருகிறாள். வாசற்படியில் என் சட்டைக் காலரைச் சரிசெய்கிறாள், நான் போய்விடுகிறேன். சாயங்காலம் அவள் எழுந்து தலை வாரும்போது நான் வீட்டுப்பாடம் எழுதுகிறேன். பிறகு அவள் கிளம்பிவிடுகிறாள். நேற்று என் பெயரைக் கூப்பிட முயன்று பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. இரவெல்லாம் பேசிப் பேசி அவள் குரல் வீட்டுக்கு மிச்சமில்லை.

"மாடி என்னங்க ஆச்சு?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"முடிஞ்ச மாதிரிதான். நீ அதைப் பத்தி யோசிக்காத," என்றார் அப்பா.

அம்மா போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவளுக்கு இந்தத் தலைவலியும் எதற்கு, எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார். எப்போது முடிகிறது?

ஜூன் 14, சனி

இன்று மாடியைப் பார்க்க வந்தது யார் தெரியுமா? எங்கள் வரலாறு டீச்சர்!

கதவைத் திறந்தது நான்தான். தரகருக்குப் பின்னால் அந்தப் பழுப்புத் தோள்பையோடு டீச்சர் நின்றார். நான் "வணக்கம் டீச்சர்" என்று பள்ளியில் கத்துவது போல் கத்தப்போய், பாதியில் அம்மா ஞாபகம் வந்து மீதியை விழுங்கினேன். 'வண' மட்டும்தான் வெளியே வந்தது.

டீச்சர் மாடியில் என் பழைய அலமாரியைத் தடவிப் பார்த்து, "இது நிறைய புத்தகம் தாங்கும் போல இருக்கே," என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. டீச்சரிடம் ஒரு சுவர் நிறையப் புத்தகம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அவர் மேலே இருப்பார், நான் கீழே இருப்பேன். பட்டறையைப் பற்றிச் சொன்னேன். சொட்டுவதையும் சொன்னேன். "பகல்ல நான் ஸ்கூல்ல. சொட்டுற இடத்துல வாளி வெச்சுக்கலாம்," என்றார்.

வாடகை பேச மறுபடி வருவார். டீச்சர் பேரம் பேசமாட்டார். வகுப்பில் அவர் அடிக்கடி சொல்வார்: போரில் ஜெயிப்பது பெரிதல்ல, இரண்டு பக்கமும் தலைநிமிர்ந்து எழுந்துபோகும் ஒப்பந்தம்தான் பெரிது.

அப்பா இப்போதே குழைய ஆரம்பித்துவிட்டார். "டீச்சர்கிட்ட போய் எப்படிம்மா காசு பேசுறது?"

ஜூன் 15, ஞாயிறு

அப்பா வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படி போடப்போகிறாராம். ஐந்து மாத வாடகையை முன்பணமாக வாங்கினால் அதற்குச் சரியாக இருக்குமாம். குடி வருபவர்கள் கூடத்தின் வழியாகப் போய்வர வேண்டாம், அம்மாவின் தூக்கமும் கெடாது. ரசீதின் பின்னால் படம்கூடப் போட்டுவிட்டார். கைப்பிடியில் பூவேலை வேறு!

அம்மா பகலுக்கு மாறினால் அவள் தூக்கம் பகலில் எதற்குக் கெடப்போகிறது என்று நான் கேட்டேன். அப்பா படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் மனதில் பதினைந்து வராது என்று முடிவாகிவிட்டதா?

ஜூன் 17, செவ்வாய்

பள்ளித் தாழ்வாரத்தில் டீச்சரைத் தனியாகப் பார்த்தேன். "டீச்சர், மாடி..." என்று தொடங்கினேன்.

"வீட்டு விஷயத்தை ஸ்கூல் வாசல்ல கழட்டி வெச்சுட்டு வரணும்," என்றார். கோபமாக இல்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூன் 19, வியாழன்

டீச்சர் பேரம் பேசுகிறார்.

பேசுகிறார் என்று எழுதினால் போதாது. வீட்டைத் துணியைப் பிழிவது போலப் பிழிகிறார். எங்கள் மேசையில் அமர்ந்து, என் புத்தகப் பெட்டிமேல் கால் படாமல் மரியாதையாக ஒதுக்கிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்தார். பட்டறைச் சத்தத்துக்கு இவ்வளவு. சொட்டுவதற்கு இவ்வளவு. கூடத்தின் வழியாக வந்துபோவதற்கு இவ்வளவு. முதல் இரண்டையும் சொல்லிக்கொடுத்தவள் நான்! நான்தான் அவர் கையில் கத்தியைக் கொடுத்து, இங்கே குத்துங்கள் என்று சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன்.

அத்தனையும் கிசுகிசுப்பாக. அப்பா எதையோ மறுக்க வாயெடுப்பார். குரல் கொஞ்சம் ஏறும். உடனே அவரே அறைக்கதவைத் திரும்பிப் பார்ப்பார். குரலைத் தாழ்த்துவார். குரல் தாழும்போது தொகையும் தாழ்ந்துவிடும். பதினாலு. பதிமூணரை. பதிமூணு.

"பன்னெண்டரை சார். அதுக்கு மேல எனக்குத் தாங்காது. அப்புறம் அஞ்சு மாச முன்பணம்னு சொன்னீங்க, அதையும் கொஞ்சம்..."

"யோசிச்சு சனிக்கிழமை சொல்றோம் டீச்சர்," என்றது அக்கா. அவள் மட்டும் சொல்லாவிட்டால் அப்பா இன்றே தலையாட்டியிருப்பார்.

தலைநிமிர்ந்து எழுந்துபோகும் ஒப்பந்தமாம்! அப்பா இன்னும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 20, வெள்ளி

வகுப்பில் இன்று ஒரு விஷயம் தோன்றியது. தோன்றியதிலிருந்து எதுவும் காதில் ஏறவில்லை. அம்மா தூங்க வேண்டும் என்பதற்காக நாங்கள் மெதுவாகப் பேசுகிறோம். மெதுவாகப் பேசுவதால் வாடகை குறைகிறது. வாடகை குறைந்தால் அம்மா காலமெல்லாம் பகலில்தான் தூங்க வேண்டும்.

அக்காவிடம் சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 21, சனி

கத்திவிட்டேன்.

முதலிலிருந்து எழுதுகிறேன். டீச்சர் சொன்னபடி மத்தியானம் வந்தார். கையில் ஒரு பழப்பை. அப்பா பழத்தைப் பார்த்ததுமே தோற்றுவிட்டார். "பன்னெண்டரைன்னா பேசி முடிச்சிடலாம் சார்," என்று டீச்சர் மெல்லச் சொன்னார். அப்பா தலையை ஆட்டத் தொடங்கினார். அது மேலிருந்து கீழே வருவதை நான் பார்த்தேன்.

"இல்ல டீச்சர்," என்றேன். "பதினஞ்சுதான்."

வாய்விட்டுச் சொன்னேன். பள்ளியில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் குரல் அது. அப்பா, அக்கா, டீச்சர், மூன்று பேரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரலை வைத்தார்கள். எனக்கு வந்ததே கோபம். "பதினஞ்சுக்குக் குறையாது! ஒரு பைசா குறையாது!"

அறைக்கதவு படாரென்று திறந்தது. அம்மா. அவிழ்ந்த கூந்தல், கன்னத்தில் தலையணைக் கோடு, ஒரு காதில் பஞ்சு. "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீ போய்ப் படு," என்றார் அப்பா.

"இல்லம்மா, படுக்காத! மாடிக்கு டீச்சர் பன்னெண்டரைங்கிறாங்க. அப்பா சரிங்கப் போறாரு. அப்படி விட்டா நீ ராத்திரிக்கேதான் போகணும். நாங்க கிசுகிசுன்னு பேசியே எல்லாத்தையும் குடுத்துட்டோம்மா..." அதற்கு மேல் எனக்கு அழுகை. எங்கள் வரலாறு டீச்சர் முன்னால், மூக்கு ஒழுக.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "முடிஞ்ச மாதிரின்னு சொன்னீங்க?"

அப்பா பழப்பையைப் பார்த்தார்.

அம்மா காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு டீச்சருக்கு எதிரில் உட்கார்ந்தாள். பிறகு நான் இதுவரை கேட்டேயிராத ஒரு குரல் அவளிடமிருந்து வந்தது. கரகரப்புதான், ஆனால் அவசரமே இல்லாத குரல். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிறவர்களுக்குத்தான் இந்தக் குரல் கிடைக்கிறது போலும்.

"சொல்லுங்க டீச்சர். உங்களுக்கு என்ன கஷ்டம்?"

இதை நாங்கள் யாருமே கேட்கவில்லை. அந்தப் புத்தகத்திலும் இல்லை. டீச்சர் வாயைத் திறந்து, மூடி, தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணன் வீட்ல இருக்கேங்க. இந்த மாசத்தோட கிளம்பியாகணும். பதினஞ்சு எனக்குப் பெரிசில்ல, மாசாமாசம் குடுத்திடுவேன். முன்பணம்தான்... அஞ்சு மாசத்துக்கு எழுபத்தஞ்சாயிரம். அது என்கிட்ட இல்ல. இல்லன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. வாடகை இறங்கினா முன்பணமும் தானா இறங்கும்ல? அதான்..."

வெளியே பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நமக்கு எதுக்குங்க அஞ்சு மாச முன்பணம்?" என்று அம்மா கேட்டாள்.

"வெளியில ஒரு இரும்புப் படி போடலாம்னு..."

"இருக்கிற படி என்ன ஆச்சு?"

அப்பா சட்டைப்பையில் கைவைத்தார். படத்தை வெளியே எடுக்கவில்லை.

"வாடகை பதினஞ்சு. முன்பணம் ஒரு மாசம். அதையும் சம்பளம் வந்த அப்புறம் குடுத்தா போதும். சரியா டீச்சர்?"

டீச்சர் தலையசைத்தார். பால் பொங்கும் நேரம்கூட ஆகவில்லை. அம்மா எழுந்தாள். போகிற போக்கில் என் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்து, "இனிமே ஆறு மணி வரைக்கும் யாராச்சும் வாயைத் திறந்தீங்க..." என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

சாயங்காலம் அப்பா என்னிடம் வந்து, "நான் அவளைக் கேட்டிருக்கணும்," என்றார். நான் அவர் உரித்துக் கொடுத்த பழத்தைச் சாப்பிட்டேன்.

டீச்சரைப் பற்றி வியாழக்கிழமை எழுதியதை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. அன்று அப்படித்தான் இருந்தது.

ஜூன் 23, திங்கள்

வகுப்பில் டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. நானும் டீச்சரைப் பார்க்கவில்லை. இருவரும் பாடம் முழுக்க வரைபடத்தையே பார்த்தோம்.

அம்மா ஆஸ்பத்திரியில் சரி என்று சொல்லிவிட்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

டீச்சர் குடிவந்துவிட்டார். புத்தகப் பெட்டிகளைத் தூக்கி வந்த ஆட்கள் படியில் நின்று, "என்னங்க, கருங்கல்லா?" என்று கேட்டார்கள். டீச்சர் எனக்கு எதுவும் எடுத்துப் பார்க்கக் கொடுக்கவில்லை. இன்னும் பிரிக்கவே இல்லையாம்.

தரகர் வந்து தன் கமிஷனை வாங்கிக்கொண்டு, "வீடுன்னா இது வீடு, நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார். எப்போது சொன்னார்?

ஜூலை 4, வெள்ளி

டீச்சர் மாடிக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்த என்னை என்ன செய்வது? மேலே போவதும் வருவதும் கூடத்தின் வழியாகத்தான். கூடத்தில்தான் நான் இருக்கிறேன். நான் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தால் படியில் பாதி ஏறி நின்று, "திங்கட்கிழமை தேர்வுன்னு ஞாபகம்," என்கிறார். வீட்டு விஷயத்தைப் பள்ளி வாசலில் கழற்ற வேண்டும். பள்ளி விஷயத்தை எங்கே கழற்றுவதாம்?

அக்காவுக்கு ஒரே கொண்டாட்டம். "பதினஞ்சு குடுத்து உனக்குக் காவல் வந்திருக்கு, பேராசிரியை."

ஜூலை 9, புதன்

அம்மா பகல் வேலைக்கு மாறி மூன்று நாள் ஆகிறது. வீட்டில் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் உள்ளே வந்ததும் ஆரம்பிக்கிறாள். இந்த டப்பா ஏன் இங்கே இருக்கிறது? யார் துண்டை இப்படிப் போட்டது? அப்பாவின் சட்டைகளுக்கு எப்போதிலிருந்து பொத்தான் இல்லை? என் முழங்கைத் தழும்பைப் பார்த்து, இது எப்போது நடந்தது என்கிறாள். அது போன வருடம்! நான் சைக்கிளிலிருந்து விழுந்தபோது. "எனக்கு யாருமே சொல்லலியே," என்று அதற்கு ஒரு தனிச் சண்டை. அக்கா இன்று மாடிக்குப் போய் டீச்சரோடு உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அந்த வழியும் இல்லை.

சாப்பிட்டு முடித்தபோது, முன்பெல்லாம் அம்மா ராத்திரி வேலைக்குக் கிளம்பும் நேரம் ஆகியிருந்தது. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா துணியைப் பாதியில் வைத்துவிட்டு, கூந்தலை அள்ளிச் செருகிக்கொண்டு, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் அப்பா.

அம்மா கதவின்மேல் வைத்த கையை எடுத்துவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தாள்.

"குப்பையைக் கொண்டுபோய்ப் போடத்தான்," என்றாள்.

அவள் கையில் குப்பை எதுவும் இல்லை. நான் சமையலறைக்குப் போய்க் குப்பைப் பையை முடிச்சுப் போட்டு எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன்.